வயிற்றால் போகிற பிள்ளைக்கு முதலில் கொடுக்க வேண்டியது

"பிள்ளைக்கு வயித்தால போகுது, நிக்கிறதுக்கு ஏதாவது மருந்து தாங்கண்ணே." கன்னியாகுமரி மாவட்டத்தில் எந்த மெடிக்கல் ஷாப்பில் நின்றாலும், ஆனி ஆடி மழை பிடித்துக்கொண்டால் தினமும் காதில் விழுகிற பேச்சு இது. கேட்கிறவர் ராத்திரி முழுக்கத் தூங்கியிருக்க மாட்டார், தோளில் பிள்ளை துவண்டு கிடக்கும், அவரைக் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனாலும் அவர் கேட்கிற மருந்து பிள்ளைக்கு அந்த நேரத்தில் தேவைப்படுகிற மருந்து இல்லை. சின்னப் பிள்ளைகளுக்கு வரும் வயிற்றுப்போக்கில் பெரும்பகுதி வைரஸால் வருவது, சில நாளில், அதிகம் போனால் ஒரு வாரத்தில், தானாகவே அடங்கிவிடும். அந்தச் சில நாளில் பிள்ளையின் உடம்பிலிருந்து எவ்வளவு தண்ணீரும் உப்பும் வெளியே போகிறது, அதில் எவ்வளவை நாம் திரும்ப உள்ளே சேர்க்கிறோம் என்கிற கணக்குதான் எல்லாம். நிறுத்துவதை உடம்பு பார்த்துக்கொள்ளும். போனதை ஈடுகட்டுவது நம் வேலை.

இந்த ஒரு விஷயம் மனதில் படிந்துவிட்டால் மீதி எல்லாம் லேசாகப் புரிந்துவிடும்.

முதலில் எதை வயிற்றுப்போக்கு என்று சொல்கிறோம்? ஒரு நாளில் மூன்றோ அதற்கு மேலோ தடவை தண்ணீராகப் போனால் வயிற்றுப்போக்கு. தாய்ப்பால் மட்டும் குடிக்கிற கைக்குழந்தை ஒரு நாளில் பல தடவை மஞ்சளாக, இளக்கமாகப் போகும்; நன்றாகப் பால் குடிக்கிறது, எடை ஏறுகிறது என்றால் அது நோயில்லை. அதே குழந்தை திடீரென்று வழக்கத்தைவிட அதிகமாக, தண்ணீர் மாதிரிப் போக ஆரம்பித்தால் கவனிக்க வேண்டும். "பல் முளைக்குது, அதுதான்" என்று வீட்டில் யாராவது சொல்வார்கள். பல் முளைக்கிற வயதில் பிள்ளை தரையில் கிடக்கிற எல்லாவற்றையும் வாயில் வைக்கும், கிருமி அந்த வழியில் உள்ளே போகும், பழி பல்லின் மேல் விழும். பல்லால் வந்தாலும் பழத்தால் வந்தாலும் போகிற தண்ணீர் தண்ணீர்தான், அதனால் காரணம் தேடி அரை நாளைக் கழிக்க வேண்டாம்.

பெரியவர்களுக்கும் வயிற்றால் போகிறதே, பிள்ளைகளுக்கு மட்டும் ஏன் இவ்வளவு பயம்? கணக்குப் போட்டுப் பாருங்கள். பிறந்த குழந்தையின் எடையில் ஏறக்குறைய முக்கால் பங்கு தண்ணீர், பெரியவர்களுக்கு அது 60 சதவீதம் அளவில்தான். பத்து கிலோ எடையுள்ள பிள்ளைக்கு ஒரு தடவைக்கு 100 மில்லி வீதம் ஐந்து தடவை போனால் அரை லிட்டர் போச்சு, அதாவது உடம்பு எடையில் 5 சதவீதம். 60 கிலோ எடையுள்ள அப்பாவுக்கு அதே அரை லிட்டர் ஒரு சதவீதம்கூட வராது, ஒரு டீ குடித்துவிட்டு வேலைக்குக் கிளம்பிவிடுவார். பிள்ளைக்கு இந்த இழப்பு 10 சதவீதத்தைத் தொட்டால், அதாவது ஒரு லிட்டரைத் தொட்டால், உயிருக்கு ஆபத்து. கூடவே வாந்தியும் காய்ச்சலும் இருந்தால் அந்த இடத்துக்குப் போய்ச் சேர ஒரு பகலோ ஒரு இரவோ போதும்.

வறண்டு போவதை எப்படிக் கண்டுபிடிப்பது

ஆரம்பத்தில் வெளியே ஒன்றும் தெரியாது. அதனால்தான் அறிகுறி தெரியட்டும் என்று காத்திருக்காமல் முதல் தடவை தண்ணீராகப் போனதுமே ஈடுகட்ட ஆரம்பிக்கச் சொல்கிறார்கள். அதற்கு அடுத்த கட்டத்தில் பிள்ளை நச்சரிக்கும், தண்ணீர் கண்டால் டம்ளரைப் பிடுங்கிக் குடிக்கும், வாயும் நாக்கும் காய்ந்திருக்கும், அழுதால் கண்ணீர் குறைவாக வரும், கண் உள்ளே போன மாதிரி இருக்கும். வயிற்றுத் தோலை இரண்டு விரலால் மெல்லக் கிள்ளித் தூக்கி விட்டால் சட்டென்று படிய வேண்டும். மெதுவாகப் படிந்தால் தண்ணீர் குறைந்திருக்கிறது, இரண்டு நொடிக்கு மேல் மடிப்பு அப்படியே நின்றால் மிகவும் குறைந்திருக்கிறது. ஒன்றுக்குப் போவதையும் பாருங்கள். டயப்பர் கட்டியிருந்தால் எது மலம் எது மூத்திரம் என்று பிரித்துச் சொல்ல முடியாது, அதனால் இந்த இரண்டு மூன்று நாளைக்கு டயப்பரைத் தூர வைத்துவிட்டுப் பழைய வேட்டித் துணியைக் கட்டுங்கள், துவைக்கிற சிரமம் இருக்கும்தான், ஆனால் மூத்திரம் போச்சா இல்லையா, மஞ்சள் அடர்ந்து போகிறதா என்று கண்ணால் பார்க்கலாம்.

மூன்றாவது கட்டம்தான் பெற்றோரை ஏமாற்றுவது. அதுவரை அழுது அடம்பிடித்த பிள்ளை அடங்கிப்போய்க் கிடக்கும். தண்ணீர் கேட்காது, கொடுத்தாலும் குடிக்காது. "ஒரு வழியா அழுகையை நிறுத்திட்டு உறங்குறான்" என்று வீடே மூச்சு விடும். வயிற்றால் நிறையப் போன பிள்ளை உசுப்பினாலும் சரியாகக் கண் திறக்காமல் துவண்டு கிடந்தால் அது உறக்கம் இல்லை, அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டிய நிலை. அழுது கத்துகிற பிள்ளைக்கு இன்னும் தெம்பு இருக்கிறது என்று அர்த்தம். சத்தமே வராத பிள்ளைக்குத்தான் அவசரம்.

கைக்குழந்தைக்கு இன்னொரு அடையாளம் உச்சிக்குழி. தலை உச்சியில் எலும்பு கூடாத அந்த மெத்தென்ற இடம், உடம்பில் தண்ணீர் குறையும்போது உள்ளே அமுங்கும். நம் பாட்டிமார் இதைச் சரியாகவே கவனித்து வைத்திருக்கிறார்கள், குழி விழுந்தால் பிள்ளைக்குச் சுகமில்லை என்று தெரியும், ஆனால் அதற்குச் செய்கிற வைத்தியம்தான் தப்பான இடத்துக்குப் போய்விட்டது. உச்சியில் எண்ணெய் வைத்தால் குழி நிமிராது, உள்ளே தண்ணீர் போனால்தான் நிமிரும். தொக்கம் எடுக்கத் தூக்கிக்கொண்டு போவதும் இந்த நேரத்தில்தான் நடக்கும். வாந்தியும் பேதியுமாக இருக்கிற பிள்ளையின் வாயில் ஊதுவதும் வயிற்றைப் பிசைந்து தடவுவதும் பிள்ளைக்கு எந்த நன்மையும் செய்யாது, தொண்டையில் எதுவாவது இறங்கி மூச்சுக்குழலுக்குப் போனால் வேறு ஆபத்து வரும், எல்லாவற்றுக்கும் மேலாக, போய் வருகிற இரண்டு மணி நேரமும் பிள்ளை காய்ந்துகொண்டேதான் இருக்கும். கயிறு மந்திரித்துக் கட்டுவதோடு நிற்கிற வீடு என்றால் நான் சண்டைக்குப் போக மாட்டேன், கயிறு ஒரு கையில் இருக்கட்டும், கரண்டி வாயில் இருக்கட்டும்.

வெறும் தண்ணீர் ஏன் போதாது

தண்ணீர்தானே போகிறது, தண்ணீரைக் குடிக்க வைத்தால் சரியாகிவிடுமே என்று தோன்றும். தண்ணீரோடு சோடியம், பொட்டாசியம் உப்புகளும் போகின்றன, அதனால் வெறும் தண்ணீரை மட்டும் ஊற்றினால் ரத்தத்தில் மிச்சமிருக்கிற உப்பும் நீர்த்துப்போகும், மிகவும் குறைந்தால் வலிப்புகூட வரலாம். இன்னொரு சிக்கலும் உண்டு: நோய்ப்பட்ட குடல் தண்ணீரைச் சரியாக உறிஞ்சாது.

இங்கேதான் ஓ.ஆர்.எஸ். வருகிறது, அதாவது உப்பும் குளூக்கோசும் அளவாகச் சேர்த்த, தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற பொடி. சிறுகுடலின் உள்சுவரில் ஒரு புரதம் இருக்கிறது. அது சோடியத்தையும் குளூக்கோசையும் சேர்த்துத்தான் உள்ளே இழுக்கும், ஒன்று மட்டும் வந்தால் வேலை செய்யாது. இரண்டும் உள்ளே போனால் அவற்றின் பின்னாலேயே தண்ணீரும் போகும். முட்டம், கடியப்பட்டணம் பக்கம் கரைமடி இழுப்பதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே பிடிபடும்: வலையின் இரண்டு கயிற்றையும் கரையில் இரண்டு கூட்டமாக நின்று ஒன்றுபோல இழுத்தால்தான் மடி கரைக்கு வரும், ஒரு கயிற்றை மட்டும் இழுத்தால் வலை கோணிக்கொண்டு கடலிலேயே கிடக்கும். உப்பு ஒரு கயிறு, சர்க்கரை ஒரு கயிறு, கரைக்கு வருவது தண்ணீர். இதில் நமக்கு அதிர்ஷ்டமான விஷயம், காலரா மாதிரி கொடிய பேதியில்கூட இந்த வழி கெடாமல் இருக்கும், குடல் ஒரு பக்கம் தண்ணீரைக் கொட்டிக்கொண்டிருந்தாலும் இன்னொரு பக்கம் உறிஞ்சிக்கொண்டிருக்கும். அதனால்தான் ஓ.ஆர்.எஸ். கொடுத்தும் வயிற்றால் போய்க்கொண்டே இருக்கிறதே என்று மனம் விட வேண்டியதில்லை. அது பேதியை நிறுத்துகிற மருந்தே இல்லை.

சோடியமும் குளூக்கோசும் இப்படிக் கைகோத்துப் போகின்றன என்று 1960இல் ராபர்ட் கிரேன் என்ற விஞ்ஞானி சொன்னார். அதை ஆயிரக்கணக்கான உயிருக்குப் பொருத்திக் காட்டியது வங்காளத்தில். 1971 வங்கதேசப் போரில் எல்லை தாண்டி வந்த அகதிகள் முகாம்களில் காலரா பரவியபோது, பன்காவ் என்ற ஊரில் வேலை பார்த்த டாக்டர் திலீப் மஹாலனாபிஸிடம் ஏற்றுவதற்கு டிரிப்ஸ் பாட்டில் போதவில்லை. உப்பு, சோடா உப்பு, குளூக்கோஸ் மூன்றையும் அளந்து பொட்டலம் கட்டி, தண்ணீரில் கரைத்து, நோயாளிகளின் வீட்டாரையே கொடுக்கச் சொன்னார். அதுவரை நூற்றுக்கு முப்பது பேர் அளவில் செத்துக்கொண்டிருந்த முகாமில் சாவு நூற்றுக்கு நாலுக்கும் கீழே இறங்கியது. அவர் 2022இல் காலமானார், அடுத்த வருஷம் பத்ம விபூஷண் அறிவித்தார்கள். எனக்கு இந்தக் கதையில் பிடித்தது அந்த வீட்டார்தான். அங்கே கரண்டி பிடித்தது நர்ஸ் இல்லை, அம்மாவும் அண்ணனும் மாமாவும்.

பாக்கெட்டைக் கலக்குவது

உலக சுகாதார நிறுவனம் சொல்கிற அளவு ஒரு லிட்டருக்கு இது: சாதாரண உப்பு 2.6 கிராம், குளூக்கோஸ் 13.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், டிரைசோடியம் சிட்ரேட் 2.9 கிராம், ஆக மொத்தம் 20.5 கிராம். இந்த எண்களை மனப்பாடம் பண்ண வேண்டாம், கடையில் வாங்குகிற பாக்கெட்டின் பின்பக்கம் இதே எண்கள் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். ஆரஞ்சு வாசனை சேர்த்திருந்தால் மொத்த எடை கொஞ்சம் கூடும், அதில் தப்பில்லை.

பெரிய பாக்கெட் ஒரு லிட்டருக்கு, சின்னது 200 மில்லிக்கு. நடக்கிற தவறுகளில் முக்கால்வாசி இங்கேதான். பெரிய பாக்கெட்டை உடைத்து, ஒரு டம்ளர் தண்ணீரில் கண் மதிப்பாகக் கொஞ்சம் போட்டு, மீதியைச் சுருட்டி ஃபிரிட்ஜ் மேல் வைப்பார்கள். அடுத்த தடவை இன்னொரு கை, இன்னொரு அளவு. தண்ணீர் குறைந்து பொடி கூடினால் உப்பு கனத்துப்போய் பிள்ளைக்குக் கெடுதல், தண்ணீர் கூடினால் பலன் குறைவு. ஒரு பாக்கெட் என்றால் முழு பாக்கெட், அதற்கு எழுதியிருக்கிற முழு அளவு தண்ணீர், ஒரே தடவையில் கலக்கிவிட வேண்டும். வீட்டு டம்ளரும் செம்பும் ஆளுக்கொரு அளவில் இருக்கும், நம்ப வேண்டாம். கடையில் வாங்கின ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் ஒன்றைக் கழுவி வைத்துக்கொண்டால் அளவு தப்பாது. தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றிவிட்டுக் கலக்குங்கள், கலக்கின பிறகு கொதிக்க வைக்காதீர்கள். பாலிலோ ஜூஸிலோ கலக்கக் கூடாது, ருசிக்கு மேலே சர்க்கரை போடக் கூடாது. மூடி வைத்து 24 மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும், மிச்சமிருந்தால் கொட்டிவிட்டுப் புதிது. ஒரு லிட்டர் பாக்கெட்டில் பாதி வீணாகிறதே என்று கவலைப்படுகிறவர்கள் 200 மில்லி பாக்கெட்டையே வாங்கலாம்.

பாக்கெட் கைவசம் இல்லை, நடுராத்திரி, கடை அடைத்தாச்சு என்றால் ஒரு லிட்டர் தண்ணீரில் தலை தட்டின ஆறு டீஸ்பூன் சர்க்கரையும் தலை தட்டின அரை டீஸ்பூன் உப்பும். உப்பு அளவு மட்டும் எக்காரணம் கொண்டும் கூடக் கூடாது. விடிந்ததும் பாக்கெட்டுக்கு மாறிவிடுங்கள், இதில் பொட்டாசியம் கிடையாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஓ.ஆர்.எஸ்., துத்தநாக (ஜிங்க்) மாத்திரை இரண்டும் காசில்லாமல் கிடைக்கும். பேச்சிப்பாறை அணைக்கு மேலே மலைக் குடியிருப்புகளில் இருப்பவர்கள், மழை வந்தால் தோட்டத்திலிருந்து இறங்க முடியாதவர்கள், முன்கூட்டியே நாலைந்து பாக்கெட் வாங்கி, காலாவதித் தேதி பார்த்து வைத்துக்கொள்வது நல்லது.

ஒரு எச்சரிக்கை. அட்டை டப்பாவில் உறிஞ்சுகுழலோடு வருகிற இனிப்புப் பானங்கள் பல வருஷமாக ஓ.ஆர்.எஸ். என்ற எழுத்தைப் பெயரில் வைத்துக்கொண்டு மருந்துக் கடைகளிலேயே விற்றன. அவற்றில் சர்க்கரை, சரியான கலவையில் இருப்பதைவிடப் பல மடங்கு. அவ்வளவு சர்க்கரை குடலுக்குள் போனால் உடம்பில் இருக்கிற தண்ணீரையும் குடலுக்குள் இழுத்துப் பேதியை அதிகமாக்கும். ஹைதராபாத்தைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் ஒருவர் இதற்காக வருஷக் கணக்கில் போராடி, கடைசியில் 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் அப்படிப்பட்ட பானங்களின் பெயரில் அந்த எழுத்தே வரக் கூடாது என்று உத்தரவு போட்டது. சரி, பெயர் மாறினாலும் பானம் அதேதான், அதனால் பெயரைப் பார்க்காமல் கலவையைப் பாருங்கள்.

கருக்கு, கட்டன்சாயா, கஞ்சிவெள்ளம்

நம் ஊரில் தென்னை இல்லாத வீடு குறைவு, அதனால் பிள்ளைக்குச் சுகமில்லை என்றதும் பாட்டா மரத்தில் ஆள் ஏற்றிக் கருக்கு, அதாவது இளநீர், வெட்டிவிடுவார். கருக்கு நல்லதுதான், பொட்டாசியம் நிறைய உண்டு, ஆனால் பேதியில் அதிகம் போவது சோடியம், அது இளநீரில் குறைவு. ஓ.ஆர்.எஸ்ஸோடு கூட நடுநடுவே கொடுக்கலாம், அதற்குப் பதிலாக வேண்டாம். எலுமிச்சை பிழிந்த கட்டன்சாயா (பால் விடாத டீ) பெரியவர்களுக்கு வேண்டுமானால் இருக்கட்டும், பிள்ளைக்கு அது தேவையில்லை, அதில் உப்பும் இல்லை. சோடா, கலர், பாட்டில் ஜூஸ் எல்லாம் மேலே சொன்ன சர்க்கரைக் கதைதான். டப்பாவில் வருகிற குளூக்கோஸ் பொடியில் ஒரு கயிறு மட்டும்தான் இருக்கிறது, உப்பு இல்லை.

உப்பிட்ட கஞ்சிவெள்ளம் (கஞ்சித் தண்ணீர்) மட்டும் வேறு ரகம். அரிசி மாவுச்சத்து குடலில் கொஞ்சம் கொஞ்சமாக உடைந்து குளூக்கோஸ் ஆகிறது, கூட உப்பு இருக்கிறது, ஆகவே வேலை அதே வழியில் நடக்கிறது. ஆறு மாதம் தாண்டின பிள்ளைக்கு, நீர்க்க வடித்து, நம் நாக்குக்கு லேசாகத் தெரிகிற அளவு உப்பு போட்டுத் தாராளமாகக் கொடுக்கலாம். வறட்சி தெரிய ஆரம்பித்த பிள்ளைக்கு மட்டும் ஓ.ஆர்.எஸ்தான் முதல்.

எவ்வளவு, எப்படி

ஒவ்வொரு தடவை தண்ணீராகப் போன பிறகும் இரண்டு வயதுக்குக் கீழே 50 முதல் 100 மில்லி, அதற்கு மேல் பத்து வயது வரை 100 முதல் 200 மில்லி. பெரிய பிள்ளைகள் கேட்கிற அளவு. இதை மடக்மடக்கென்று குடிக்க வைத்தால் வாந்தியாகிவிடும், அப்புறம் "எதுவும் நிக்க மாட்டேங்குது" என்று கைவிட்டுவிடுவார்கள். டீஸ்பூன் எடுத்து, நிமிஷத்துக்கு ஒன்று அல்லது இரண்டு நிமிஷத்துக்கு ஒன்று என்று கொடுங்கள். ஒரு டீஸ்பூன் 5 மில்லி, நிமிஷத்துக்கு ஒன்று வீதம் மணிக்கு 300 மில்லி உள்ளே போய்விடும், பார்க்க ஒன்றுமில்லாத மாதிரி இருந்தாலும் நிறைய வேலை நடக்கிறது. கைக்குழந்தைக்குப் பால் புகட்டுகிற பாலாடைக் கிண்ணம் வசதி, ஊசி கழற்றின சிரிஞ்சும் வசதி, கன்னத்தின் உள்பக்கமாக மெல்ல விட வேண்டும். பால் பாட்டில் வேண்டாம், அதன் ரப்பர் நிப்பிளில் தங்குகிற கிருமிதான் பல வீட்டில் வயிற்றுப்போக்குக்கே காரணம்.

வாந்தி எடுத்தால் பத்து நிமிஷம் விட்டுவிட்டு மறுபடி, இன்னும் மெதுவாக. வாந்தியில் எல்லாம் வெளியே வந்த மாதிரி தெரிந்தாலும் கொஞ்சம் உள்ளே தங்கியிருக்கும். இது பொறுமையைச் சோதிக்கிற வேலை, ஒரு ஆளால் ராத்திரி முழுக்க உட்கார முடியாது, அப்பாவும் மாமியும் சித்தியும் முறை போட்டுக் கரண்டி பிடிக்க வேண்டும். சில பிள்ளைகள் ருசி பிடிக்காமல் துப்பும். உடம்பு நன்றாக வறண்ட பிள்ளை பெரும்பாலும் அதையே ஆசையாகக் குடிக்கும், அதனால் துப்புகிற பிள்ளை சுறுசுறுப்பாக இருந்தால் கஞ்சிவெள்ளம், மோர் என்று மாற்றி மாற்றிப் பாருங்கள்.

தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது, வழக்கத்தைவிட அதிக தடவை கொடுக்க வேண்டும். சாப்பாட்டையும் நிறுத்த வேண்டாம், "வயிறு காயட்டும்" என்று பட்டினி போட்டால் குடல் ஆறுவதும் தள்ளிப்போகும், பிள்ளை மெலிந்தும் போகும். குழைந்த சோறும் தயிரும், இட்லி, பருப்புக் கஞ்சி, மசித்த உருளைக்கிழங்கு, மட்டி வாழைப்பழம் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி. நம் மாவட்டத்துக் குழந்தைகள் முதலில் ருசி பார்க்கிற பழமே அனேகமாக மட்டிதான், அதை இப்போது மட்டும் ஏன் பயந்து ஒதுக்க வேண்டும்?

துத்தநாக மாத்திரையைப் பலர் பாதியில் விட்டுவிடுவார்கள். ஆறு மாதம் தாண்டின பிள்ளைக்கு தினம் 20 மில்லிகிராம், இரண்டு முதல் ஆறு மாதத்துக்கு 10 மில்லிகிராம், 14 நாள் முழுக்க. மூன்றாம் நாளே பேதி நின்றாலும் மீதி நாளைக்கும் கொடுக்க வேண்டும், குடல் ஆறவும் அடுத்த சில மாதங்களில் இது திரும்ப வராமல் இருக்கவும் அது உதவுகிறது. ஒரு கரண்டி தண்ணீரிலோ தாய்ப்பாலிலோ கரைத்துக் கொடுக்கலாம்.

அப்புறம் அந்த "நிறுத்துகிற மருந்து". பெரியவர்கள் போட்டுக்கொள்கிற லோபரமைடு மாத்திரையை உடைத்துப் பிள்ளைக்குக் கொடுக்கவே கூடாது. அது குடலின் அசைவை முடக்குகிறது, வயிறு உப்பி, மயக்கமாகி ஆபத்தில் முடியலாம். ஆன்டிபயாட்டிக் வைரஸை ஒன்றும் செய்யாது, ரத்தபேதி, காலரா மாதிரி சில நிலைகளில் டாக்டர் பார்த்து எழுதினால்தான். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு எழுதின பாட்டில் மருந்து நம் பிள்ளைக்கு இல்லை. இன்னொன்று, ஆஸ்பத்திரிக்குப் போனதும் "ஒரு குளூக்கோஸ் ஏத்துங்க டாக்டர்" என்று நாமே கேட்பது. குடிக்க முடிகிற பிள்ளைக்கு வாய்வழிக் கொடுப்பது டிரிப்ஸுக்குச் சமமாக வேலை செய்யும், ஊசி குத்துகிற வலி இல்லை. டாக்டர் பாக்கெட்டை மட்டும் கையில் கொடுத்து அனுப்பினால் கவனிக்காமல் அனுப்பிவிட்டார் என்று கோபப்படாதீர்கள்.

எப்போது வீட்டில் வைத்திருக்கக் கூடாது

இரண்டு மாதத்துக்குக் கீழே உள்ள குழந்தை என்றால் யோசிக்காமல் டாக்டரிடம், போகிற வழியெல்லாம் தாய்ப்பால் கொடுத்துக்கொண்டே. மற்றப் பிள்ளைகளில், துவண்டு கிடப்பது, குடிக்க முடியாமல் இருப்பது, கொடுக்கிறதெல்லாம் வாந்தியாக வருவது, ஆறு மணி நேரத்துக்கு மேல் மூத்திரம் இல்லாதது, மலத்தில் ரத்தம், பச்சை நிற வாந்தி, வயிறு உப்பிக் கல்லாக இருப்பது, வலிப்பு, விடாத காய்ச்சல், இதில் ஒன்று இருந்தாலும் கிளம்ப வேண்டும். விட்டு விட்டு வீறிட்டு அழுது, கால்களை வயிற்றோடு மடக்கி, நடுவில் சோர்ந்துபோய், மலத்தில் ரத்தமும் சளியுமாகப் போனால் குடல் ஒன்றுக்குள் ஒன்று செருகியிருக்கலாம், அதற்கு ஓ.ஆர்.எஸ். வைத்தியம் இல்லை, உடனே பெரிய ஆஸ்பத்திரி. ஏற்கெனவே எடை மிகக் குறைவான பிள்ளையையும் வீட்டில் வைத்துப் பார்க்காதீர்கள். 108க்கு அடியுங்கள். ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது, தக்கலையிலும் குழித்துறையிலும் அரசு ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன, எது பக்கமோ அது. கலக்கின ஓ.ஆர்.எஸ். பாட்டிலைக் கையிலேயே எடுத்துக்கொள்ளுங்கள், பிள்ளை விழுங்குகிற நிலையில் இருந்தால் வண்டியிலும் கரண்டி நிற்கக் கூடாது. துவண்டு மயங்கிக் கிடக்கிற பிள்ளையின் வாயில் மட்டும் எதையும் ஊற்றாதீர்கள்.

வராமல் பார்த்துக்கொள்வதைப் பற்றிக் கொஞ்சம். ஐந்து சென்ட் மனையில் முன்னால் கிணறு, பின்னால் கக்கூஸ் குழி என்று இருக்கிற வீடுகள் நம் மாவட்டத்தில் எத்தனையோ. வெயில் காலத்தில் தெளிவாக இருக்கிற கிணறு, ஆனி ஆடியிலும் ஐப்பசி கார்த்திகையிலும் மழைத் தண்ணீர் இறங்கும்போது அப்படி இருக்காது. 2021 நவம்பரில் வயலும் ரோடும் வீட்டு முற்றமும் ஒன்றாகிக் கிடந்தது நினைவிருக்கும், அப்படி வெள்ளம் ஏறின கிணற்றை ஊராட்சியில் சொல்லிக் குளோரின் போடாமல் புழங்கக் கூடாது. பார்க்கத் தெளிவாக இருந்தாலும் பிள்ளைக்குக் கொடுக்கிற தண்ணீர் தளதளவென்று கொதித்து ஆறினதாக இருக்கட்டும். மலம் கழுவிவிட்ட கையை சோப்புப் போட்டுக் கழுவாமல் சோறு பிசையக் கூடாது, இது அம்மாவுக்கு மட்டும் சொல்கிற பேச்சில்லை.

பிள்ளைகளின் கடும் பேதிக்குப் பெரிய காரணமான ரோட்டா வைரஸுக்குத் தடுப்பு மருந்து உண்டு, 2016இலிருந்து அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் படிப்படியாகச் சேர்த்தார்கள். ஊசி இல்லை, வாயில் கொடுப்பது. 6, 10, 14 வாரத்தில் மற்றத் தடுப்பூசிகளோடு சேர்த்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். அட்டையை எடுத்துப் பாருங்கள், ரோட்டா என்ற வரிசையில் மூன்று தேதியும் இருக்க வேண்டும். ஒன்றுகூடக் கொடுக்கவில்லை என்றால் பிள்ளைக்கு ஒரு வயது ஆவதற்குள் முதல் தவணையை ஆரம்பித்துவிடலாம், அதற்கு மேல் அரசுத் திட்டத்தில் கொடுக்க மாட்டார்கள், எனவே அடுத்த தடுப்பூசி நாளிலேயே கிராம சுகாதார செவிலியரிடம் கேட்டுவிடுங்கள்.